கத்தி படாமல் ஓர் அறுவை

செஞ்சியில் எங்கள் அக்காவின் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் இராஜகிரிக் கோட்டை நேர் எதிரே தெரியும். 2022ஆம் ஆண்டில் ஒரு நாள், சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அங்கே நின்றிருந்த அக்கா, "பாங்குச் சத்தம் ஏன் இப்போதெல்லாம் வலப் பக்கமாகவே கேட்கிறது?" என்று கேட்டார். "ஐம்பது வயதைக் கடந்தாயிற்று, காது மந்தமாகாமல் என்ன செய்யும்?" என்று மச்சான் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

காதில் அழுக்கு என்றார் ஒரு மருத்துவர். சொட்டு மருந்து தந்தார் இன்னொருவர். எட்டு மாதங்கள் இப்படியே கழிந்தன. பிறகு ஸஜ்தாவிலிருந்து எழும்போது தள்ளாட்டம் வந்தது. நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார். அதன் பிறகே காதின் கேட்கும் திறனைக் கருவியால் அளந்து பார்த்தார்கள். வலக் காது நலமாக இருக்க, இடக் காது மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தது. உடனே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மண்டையோட்டின் அடித்தளத்தில், மூளைத் தண்டை ஒட்டினாற்போல் ஒரு கட்டி இருந்தது.

வாசக சகோதரிகள் இந்த ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். முதுமையால் வரும் செவிட்டுத்தன்மை பெரும்பாலும் இரு காதுகளையும் ஒருசேரத் தாக்கும். ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மங்கினால், அதிலேயே ஓயாமல் இரைச்சல் கேட்டால், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

அக்காவுக்கு வந்தது செவி நரம்பின் உறையில், உடலின் சமநிலையைக் காக்கும் கிளையில் தோன்றும் கட்டி. 'வெஸ்டிபுலர் ஷ்வானோமா' என்பது அதன் பெயர். இது புற்றுநோய் அன்று. பெரும்பாலும் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஆனால் ஊருக்கு இதை யார் எடுத்துச் சொல்வது? 'தலையில் கேன்சராம்' என்ற பேச்சு பரவியது. அக்கா மகளுக்குத் திண்டிவனத்திலிருந்து வந்திருந்த சம்பந்தப் பேச்சு சத்தமில்லாமல் நின்றது. நோயைவிட அதுவே அக்காவை அதிகம் வருத்தியது.

மூளை அமர்ந்திருக்கும் எலும்புத் தளம் ஒரே பலகைபோல் இராது. அதில் பல துளைகள் உண்டு. பார்வைக்கும் செவிக்கும் முக அசைவுக்கும் விழுங்குவதற்குமான நரம்புகளும், மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய்களும் அவற்றின் வழியே செல்கின்றன. இராஜகிரி உச்சியை அடையப் பாறைப் பிளவின் மேலுள்ள குறுகிய பாலம் ஒன்றே வழி என்பது செஞ்சிவாசிகளுக்குத் தெரியும். மண்டையோட்டு அடித்தளமும் ஏறக்குறைய அப்படித்தான். அங்கே கத்தியுடன் செல்லும் மருத்துவர் எத்தனை தேர்ந்தவராயினும், முக நரம்பு பாதிக்கப்பட்டு ஒரு பக்கம் கோணிப்போகும் அபாயம் ஓரளவு உண்டு. எனினும் கட்டி மூன்று சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத் தண்டை அழுத்தத் தொடங்கிவிட்டால் அறுவைதான் ஏற்றது. அக்காவின் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

"தலைக்குள் கதிரை விட்டால் புத்தி பேதலித்துவிடும்மா" என்று பெரிய மாமா தடுத்தார். அவரைச் சமாதானப்படுத்த எனக்கு இரண்டு நாள்கள் பிடித்தன.

'கதிர் அறுவை' என்னும் கருத்தை 1951இல் முன்வைத்தவர் சுவீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல். பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பினால், வழியிலுள்ள மூளைப் பகுதிகளுக்குச் சிறிதளவே சேரும்; அனைத்தும் கூடும் இடத்தில் மட்டும் தாக்கம் பன்மடங்காகும். இதற்கெனக் 'காமா நைஃப்' கருவி 1968இல் ஸ்டாக்ஹோமில் செயல்பாட்டுக்கு வந்தது. அதில் தலை அசையாதிருக்க உலோகச் சட்டத்தை மண்டையோட்டில் திருகாணிகளால் பொருத்துவார்கள். அதை நாள்தோறும் பொருத்திக் கழற்ற இயலுமா? ஆகவே சிகிச்சையை ஒரே நாளில் முடித்தாக வேண்டியிருந்தது.

எல்லாக் கட்டிக்கும் அது பொருந்தாது. பார்வை நரம்பு ஒரே வேளையில் ஏறத்தாழ 8 முதல் 10 கிரே அளவுக் கதிரையே தாங்கும். அதை ஒட்டி வளரும் கட்டிக்குத் தேவையான கதிரை ஒரேயடியாகச் செலுத்தினால் பார்வையே பறிபோகலாம். அதையே ஐந்து நாள்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், ஒவ்வொரு இடைவெளியிலும் நல்ல திசுக்கள் தம்மைச் செப்பனிட்டுக் கொள்கின்றன. மொத்தம் 25 கிரே வரைகூடப் பார்வை நரம்பு தாங்குகிறது. லெக்செலிடம் பயின்ற அமெரிக்க மருத்துவர் ஜான் அட்லர் உருவாக்கிய 'சைபர்நைஃப்', திருகாணிச் சட்டத்தையே தேவையற்றதாக்கியது. 1994இல் ஸ்டான்ஃபோர்டில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. இயந்திரக் கை ஒன்று கதிர்க்கருவியை ஏந்தித் தலையைச் சுற்றி வரும். இடையிடையே எக்ஸ்ரே படமெடுத்து, தலை சற்றே நகர்ந்திருந்தாலும் தன்னைத் திருத்திக் கொள்ளும்.

நம் மாநிலம் இத்துறையில் பின்தங்கியதன்று. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது 1949இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். சென்னை அப்பல்லோவுக்கு 2009இல் சைபர்நைஃப் வந்தது. 2019இல் அங்கேயே புரோட்டான் சிகிச்சை நிலையமும் திறக்கப்பட்டது.

செவி நரம்புக் கட்டியில் ஒரு நாள் சிகிச்சையும் ஐந்து நாள் சிகிச்சையும் ஏறக்குறைய ஒத்த பலனையே தருகின்றன. மூளைத் தண்டைத் தொட்டுக் கொண்டிருந்ததால் அக்காவுக்கு ஐந்து நாள் முறையைத் தேர்ந்தார்கள். சென்னையில் உறவினர் வீட்டில் தங்கினோம். முதலில் வெந்நீரில் இளக்கிய வலை போன்ற தகடொன்றை முகத்தின்மேல் படிய வைத்து முகக்கூடு செய்தார்கள். முக்காட்டை அகற்ற வேண்டுமே என அக்கா தயங்கினார். கேட்டதும் பெண் ஊழியரை அனுப்பினார்கள். கேட்டால் கிடைக்கும், நம் பெண்கள் கேட்பதில்லை.

நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம். வலியில்லை, மயக்க மருந்தில்லை, முடி கொட்டவில்லை. "உள்ளே கிடந்து திக்ரு ஓதினேன், கூடு இறுக்கியதில் உதடு மட்டும் அசையவில்லை" என்றார். வீக்கம் தணிக்கும் மாத்திரைகளைச் சில வாரங்கள் உட்கொண்டார். இடையில் ரமளான் வந்தது. மருத்துவர் சொற்படி நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்தார்.

கதிர் பட்டவுடன் கட்டி கரைந்துவிடும் என்று எண்ணினால் ஏமாற்றமே. வளர்ச்சி நிற்பதுதான் வெற்றி. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது கிட்டுகிறது. முதல் ஓராண்டில் கட்டி சற்றே வீங்கிப் பின் அடங்குவதும் உண்டு. அக்காவுக்கும் ஆறாம் மாத ஸ்கேனில் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருந்தது. முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் அன்றிரவு வீட்டில் அழுகுரல் எழவில்லை. ஆனால் யாரும் உறங்கவுமில்லை.

2025இல் எடுத்த ஸ்கேனில் கட்டி பழைய அளவினும் சிறுத்திருந்தது. முகம் கோணவில்லை. இழந்த செவித்திறன் மீளவில்லை; அது மீளாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அக்கா மகளுக்குச் சென்ற ஆண்டு வேறோர் இடத்தில் நிக்காஹ் நடந்தது. மகள் பேசும்போது அக்கா தொலைபேசியை வலக் காதில் வைத்துக் கொண்டு மாடிக்கு வந்துவிடுகிறார்.