காது குத்திய பிறகு

பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிவிட்ட நாம் எத்தனையோ வழக்கங்களைச் சுருக்கிக்கொண்டோம். குழந்தைக்குக் காது குத்துவதை மட்டும் விட்டோமில்லை. விடுமுறையில் ஊருக்குச் செல்கிறோம். குலதெய்வத்தின் சந்நிதியில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துகிறோம். உற்றார் விருந்துண்டு கலைகின்றனர்; மறுநாளே இரயிலேறிவிடுகிறோம். இந்த அவசரந்தான் கவலைக்குரியது.

காதில் இட்ட துளை நகைக்கு இடமாவது பிற்பாடு; முதலில் அது ஒரு புண். கீழ்மடலில் குத்திய துளை ஆற 6 முதல் 8 வாரமாகும். முன்னாளில் அதைக் கவனிக்க வீட்டில் பாட்டி இருந்தாள். துளை தூர்ந்துவிடாதபடி வேப்பங்குச்சி செருகி, நாள்தோறும் பார்த்து வந்தாள். நம் குழந்தையோ காது குத்திய கையோடு, சென்னையிலிருந்து தில்லிக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் இரயிற் பெட்டியின் புழுதியில் புரண்டு வருகிறது. ஆதலால் விழாவை விடுமுறையின் கடைசியில் வையாது தொடக்கத்திலேயே வைத்துக்கொள்வது நலம். புண்ணின் போக்கைச் சில நாள் பார்த்துவிட்டுப் புறப்படலாம்.

குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடும் தடுப்பூசிகள் முடிந்திருக்க வேண்டும். இரணஜன்னிக்கும் பி வகை மஞ்சட்காமாலைக்கும் அவை காப்பு. குத்துபவர் ஆசாரியாயினும் மருத்துவராயினும், கருவியைப் பற்றிக் கேட்க நாம் கூசலாகாது. ஒரு குழந்தைக்குக் குத்திய ஊசியை விளக்குச் சுடரில் காட்டிவிட்டு அடுத்த குழந்தைக்கு எடுப்பது போதாது. உறை பிரிக்காத புது ஊசி வேண்டும். அன்றேல், அழுத்த நீராவியில் 121 பாகை வெப்பத்தில் 15 நிமிடமேனும் வைத்துத் தூய்மை செய்தது வேண்டும். நகரத்துக் கடைகளிலுள்ள காது குத்தும் துப்பாக்கிகளிற் பல பிளாஸ்டிக்கால் ஆனவை, அவ்வெப்பத்தைத் தாங்கா. பார்வைக்குப் புதுமையாயிருப்பதெல்லாம் தூய்மையன்று.

முதலில் அணிவது பொன்னாயிருப்பது நம் முன்னோர் வழக்கம். அதில் பெருமையோடு பயனும் உண்டு. மலிவான தோடுகளில் கலந்திருக்கும் நிக்கல் பலருக்கு அரிப்பும் நீர்க்கசிவும் உண்டாக்கும். திருகை இறுக முடுக்காதீர்கள். வீங்கிய சதைக்குள் அது புதைந்துவிடுவதுண்டு.

காதைத் தொடுமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. காய்ச்சி ஆறிய கால் லிட்டர் நீரில் கால் தேக்கரண்டி உப்பிட்டு, தூய துணியில் நனைத்து, தினம் இருமுறை முன்னும் பின்னும் ஒற்றி எடுத்தாற் போதும். தோட்டைத் திருகித் திருகி விட வேண்டும் என்பார்கள். அது ஆறிவரும் தோலைக் கிழிப்பதாகும். எண்ணெயில் குழைத்த மஞ்சளும் வேண்டா. மஞ்சளின் குணத்தை நாம் மறுக்கவில்லை. கடையில் வாங்கிய பொடியில் என்னென்ன கலந்துள்ளன என்று யார் அறிவார்? மொட்டைத் தலைக்குப் பூசிய சந்தனம் காதில் வழியாமலும் பார்த்துக்கொள்க. முதல் சில நாள் சற்றுச் சிவந்திருப்பது இயல்பே. சிவப்பு பரவினாலும், சீழ் கட்டினாலும், காய்ச்சல் கண்டாலும் மருத்துவரிடம் காட்டுக. அவர் சொல்லாமல் தோட்டைக் கழற்ற வேண்டா. வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளே தங்கிவிடக்கூடும்.

பாம்படம் அணிந்த தென்பாண்டிப் பாட்டிமாரின் நீண்ட செவிகளைக் கண்டிருப்பீர்கள். கீழ்மடல் தோலும் கொழுப்பும் ஆனது. அத்தனை பாரத்தையும் தாங்கும். மேற்காது அத்தகையதன்று. அது குருத்தெலும்பு; தனக்கென இரத்தக் குழாயின்றி, மேலே போர்த்த சவ்விலிருந்தே உணவு பெறுவது. இடையில் சீழ் புகுந்து சவ்வு பிரிந்தால் குருத்தெலும்பு மடியும், காது சுருங்கிப்போகும். மேற்காதில் வரிசையாகக் குத்திக்கொள்ள விரும்பும் நம் பெண்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அப்புண் ஆற ஆறு மாதம் முதல் ஓராண்டும் செல்லும். அங்கே வலியும் வீக்கமும் கூடினால் விடியட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.