புதிய பிரேக்கைப் பழக்கும் முறை

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலை பாலராமபுரத்தைக் கடந்தபின் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை ஆகிய ஊர்களின் வழியே சென்று, களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையை அடைகிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை இராஜ்யத்துடனும், நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துடனும் சேர்ந்தமையால் இவ்வூர்கள் எல்லையோர ஊர்களாயின. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இக்கடைவீதிகளில், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடவல்ல ஸ்போர்ட்ஸ் காரும் பஸ்ஸுக்கும் ஆட்டோரிக்ஷாவுக்கும் பின்னால் ஊர்ந்தே செல்ல வேண்டும். சாலையைக் குறுக்கே கடப்போர் எந்நேரமும் உண்டு. அத்தகைய காருக்குப் புதிய பிரேக் பேடு பொருத்திய அன்றே, பிரேக் முழு வலிமையுடன் பிடிக்கும் என்று எண்ணி இச்சாலையில் ஓட்டுவது அபாயகரமானது. பழைய பேடைவிடப் புதிய பேடு முதல் நாளில் குறைவாகவே பிடிக்கக்கூடும்.

இதன் காரணத்தை அறிய, பிரேக் செய்யும் வேலையை முதலில் நோக்க வேண்டும். ஓடும் வண்டியின் இயக்க சக்தி முழுவதையும் பிரேக் உஷ்ணமாக மாற்றுகிறது. 1,400 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 540 கிலோஜூல் உஷ்ணம் தோன்றுகிறது. 30 டிகிரி உஷ்ணநிலையிலுள்ள 1.8 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேகம் இரு மடங்கானால் உஷ்ணம் நான்கு மடங்காகும். இதில் பெரும்பங்கை முன்சக்கர டிஸ்க்குகளே ஏற்கின்றன. அவை ஒவ்வொன்றும் 8 கிலோகிராம் எடையுள்ள வார்ப்பிரும்பாலானவை என்று கொண்டால், ஒரே நிறுத்தத்தில் அவற்றின் உஷ்ணநிலை ஏறக்குறைய 50 டிகிரி உயரும். ஆறுவதற்கு இடைவெளியின்றிப் பத்து முறை நிறுத்தினால் விளைவு யாது என்பதை வாசகர் எளிதில் கணக்கிடலாம்.

இவ்வுஷ்ணத்தைக் காற்றில் விரைவாக வெளியிடும் பொருட்டே டிரம் பிரேக்கின் இடத்தை டிஸ்க் பிரேக் பிடித்தது. ஆங்கிலப் பொறியியலறிஞர் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் 1953ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு லெ மான் பந்தயத்தில், டன்லப் டிஸ்க் பிரேக் பூண்ட ஜாகுவார் கார் வெற்றி பெற்ற பின்னரே உலகம் இதன் மேன்மையை நன்குணர்ந்தது.

பேடு என்பது நார்களும் உலோகத் தூள்களும் பிற உராய்வுப் பொருள்களும் பிசினால் பிணைக்கப்பட்ட கட்டியாகும். புதிய பேடு முதன்முறையாக மிகுந்த உஷ்ணமடையும்போது பிசினின் ஒரு பகுதி சிதைந்து வாயுவாகிறது. இவ்வாயு பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே மெல்லிய படலமாக நின்று பிடிப்பைக் குறைத்துவிடும். பெடல் கெட்டியாகவே இருக்கும். வண்டி மட்டும் நிற்க மறுக்கும். மேலும், புதிய பேடும் டிஸ்க்கும் முதலில் சில மேடுகளில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. படிப்படியாகச் சூடேற்றினால் வாயு சிறிது சிறிதாக வெளியேறும். பரப்புகள் ஒன்றுக்கொன்று இயைந்து தேயும். பேடின் பொருளில் ஒரு மெல்லிய பூச்சு டிஸ்க்கின் மீது சமமாகப் படியும். அதன்பின் பேடு பெரும்பாலும் தன் இனப் பொருளின் மீதே உராய்கிறது. நல்ல பிடிப்புக்கு இப்பூச்சே ஆதாரம்.

பிரேக்கைப் பழக்குவதென்பது இப்பூச்சை உண்டாக்குவதேயாகும். பந்தயத் துறையினர் கையாளும் முறையில், முதலில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சில முறை மென்மையாக வேகத்தைக் குறைப்பர். பின்னர் 80 அல்லது 100 கிலோமீட்டரிலிருந்து 15 வரை, சக்கரம் பூட்டிக்கொள்ளாதவாறு, எட்டுப் பத்து முறை உறுதியாகக் குறைப்பர். இறுதியில் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுவர். இடையில் எங்கும் முற்றாக நிறுத்துவதில்லை. சூடான டிஸ்க்கின் மீது பேடு அழுந்தியபடி நின்றால், அவ்விடத்தில் மட்டும் பொருள் தடித்து ஒட்டிக்கொள்ளும்.

இம்முறையை நெய்யாற்றின்கரைச் சந்திப்புக்கும் பாறசாலைக்கும் இடையே செய்து பார்க்க முற்படுவது அறிவுடைமை ஆகாது. காரோடு வழியாகச் செல்லும் புதிய நான்குவழிப் புறவழிச்சாலை அகன்றதாயினும், பின்னால் வரும் லாரி ஓட்டுநர் முன்னால் செல்லும் கார் காரணமின்றி 15 கிலோமீட்டருக்கு இறங்குவதை எதிர்பார்ப்பதில்லை. இவ்வேலைக்கு உரிய இடம் பந்தயப் பாதையே. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் அத்தகைய பாதை உள்ளது. எல்லையோர ஊர்களில் வாழும் உரிமையாளருக்கு மெதுவான வழியே ஏற்றது. முதல் சில நூறு கிலோமீட்டர் தூரம் முன்வண்டிக்கு அதிக இடைவெளி விட்டு, திடீரென மிதிக்காமல், சீராகப் பிரேக்கிட்டு ஓட்டினால் பூச்சு தானே படியும். காருடன் வரும் கையேடு வேறு முறை கூறினால் அதுவே பின்பற்றத்தக்கது. கார்பன் பீங்கான் டிஸ்க்குகளுக்கு விதிகள் வேறு.

பழக்குதல் பிழைபட்டால் தோன்றும் முதல் அறிகுறி நடுக்கம். பிரேக்கிடும்போது ஸ்டியரிங்கும் பெடலும் அதிரும். உடனே, "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று கூறி அதனைக் கழற்றி எறிவது ஒர்க்ஷாப்புகளில் வழக்கமாகிவிட்டது. பல வேளைகளில் டிஸ்க் வளைந்திருப்பதில்லை. பூச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். சில மைக்ரான் வேறுபாடே கால் உணரும் அதிர்வைத் தரும். தொடக்க நிலையில், பாதுகாப்பான இடத்தில் மீண்டும் முறைப்படி பழக்கினால் இக்குறை நீங்கக்கூடும். கவனியாது விட்டால், தடித்த இடம் மேலும் மேலும் சூடாகி, 650 டிகிரியையும் தாண்டும்போது வார்ப்பிரும்பில் சிமென்டைட் என்னும் கடினப் பொருள் உண்டாகும். அந்நிலையில் கடைந்தெடுத்தாலும் குறை திரும்ப வரலாம். டிஸ்க்கை மாற்றுவதே வழி.

மாற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை இன்றியமையாதது. டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுழற்றி அதன் ஆட்டத்தை அளக்க வேண்டும். கடற்காற்றும் இரு பருவமழைகளும் வீசும் இப்பகுதியில், சக்கர ஹப்பின் முகத்தில் துரு ஏறுவது சாதாரணம். தலைமயிரின் பருமனுள்ள துருத் துணுக்கு டிஸ்க்குக்குப் பின்னால் சிக்கினாலும் டிஸ்க் சாய்ந்து சுழலும். துருவைச் சுரண்டாமல் புதிய டிஸ்க்கைப் பொருத்தினால், செலவு மட்டுமே புதிதாயிருக்கும், நடுக்கம் பழையதே.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகக் கூறலாம். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காலிப்பரின் பிஸ்டன் சிக்கியிருக்கலாம், அல்லது ஒரு பக்கப் பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம். கிறீச்சிடும் ஒலியுடன் பேடின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் அது அளவுமீறிச் சூடானதன் அடையாளம். பேடைக் கழற்றும்போது தூசியைக் காற்றுக்குழாயால் ஊதலாகாது. பழைய பேடுகள் சிலவற்றில் கல்நார் கலந்திருந்தது, அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது.

மழை மிகுந்த இந்நிலத்தில் பிரேக் திரவத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பொதுவாக வழங்கும் கிளைக்கால் வகைத் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 தரத் திரவம் புதிதாயிருக்கையில் 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதித்த அளவு 155 டிகிரி மட்டுமே. திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். பெடல் தரைவரை அமுங்கும்.

நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் சென்று வருவோர் இதனை மறத்தலாகாது. அம்மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 900 மீட்டர் உயரம் இறங்கும் 1,400 கிலோகிராம் கார் 12,000 கிலோஜூலுக்கு மேற்பட்ட சக்தியை இழக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 22 முறை நிறுத்துவதற்கு இது ஏறக்குறைய சமம். தாழ்ந்த கியரில் இறங்கினால் இதில் ஒரு பெரும்பங்கை எஞ்சினே ஏற்கும். இறங்கும் வழியில் பெடல் வழக்கத்தைவிடத் தாழ்ந்ததாகத் தோன்றினால், அடுத்த வளைவுக்குக் காத்திராமல், பெடலைச் சில முறை விட்டுவிட்டு மிதித்து, கிடைக்கும் முதல் அகன்ற ஓரத்தில் வண்டியை ஒதுக்க வேண்டும். நின்றபின் சக்கரத்துக்குக் கல் வைத்து, பெடலிலிருந்து காலை எடுத்து, டிஸ்க்குகள் காற்றில் தாமாகவே ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவற்றின்மேல் தண்ணீர் ஊற்றலாகாது. சூடான வார்ப்பிரும்பு திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் காணும்.