பிரம்மஞானக் கொள்கையில் பருப்பொருளும் அணுவும்

சைவ சித்தாந்த நூல்களில் 'அணு' என்னும் சொல் உயிரைக் குறித்து வருதல் அறிஞர் அறிந்ததே. எங்கும் நிறையும் இயல்பினதாகிய உயிர், ஆணவ மலத்தால் மறைப்புண்டு சிறுமையுற்று நிற்றலின் அப்பெயர் பெற்றது. மணிமேகலையின் 27-ஆம் காதையில், ஆசீவகன் கூற்றில், அச்சொல் நிலம், நீர், தீ, வளி என்பவற்றின் நுண்கூற்றைக் குறிக்கின்றது. பிரம்மஞான சபையார் அதனை வேறொரு பொருளில் ஆண்டனர். அப்பொருளைத் தெளிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிளாவட்ஸ்கி அம்மையார், ஆல்காட் முதலியோர் 1875-இல் நியூயார்க்கில் நிறுவிய இச்சபை, 1882-இல் அடையாற்றில் நிலைகொண்டது. அம்மையார் 1888-இல் வெளியிட்ட 'சீக்ரெட் டாக்ட்ரின்' என்னும் நூல், எல்லையற்ற முதற்பொருள் ஒன்றே என்கின்றது. அறிவும் சடமும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. அவ்வொன்றன் இரு கூறுகளே. சடத்தின் வேர் மூலப்பிரகிருதி. ஆகவே, உயிர்ப்பு முற்றும் அற்ற சடம் என ஒன்று இல்லை. காணும் உலகினை மாயை என்றவிடத்தும், அஃது இல்பொருள் என்பது கருத்தன்று. காண்போர் அறிவு நிலைக்கேற்பத் தோன்றும் சார்புண்மை என்பதே கருத்து.

பின்வந்தோர் உலகினை ஏழு தளங்களாக வகுத்தனர். அவற்றுட் கடைப்பட்ட பருத்தளம் திண்மம், நீர்மம், வளி என்னும் மூன்றும் ஈதர் நிலைகள் நான்குமாக ஏழு பிரிவினது. அப்பிரிவுகளுள் மிக நுண்ணியதில் எஞ்சுவதே அவர் கூறும் 'அணு'. அதனையும் பகுப்பின், அது பருமை நீங்கி மேல்தளத்துப் பொருளாகும் என்பர். அன்னி பெசண்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் 1908-இல் வெளியிட்ட 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி'யில், ஹைட்ரஜனில் 18 அணுக்களும் ஆக்சிஜனில் 290 அணுக்களும் உள்ளன என அகக்காட்சியாற் கண்டதாக உரைத்தனர். 290-ஐ 18-ஆல் வகுப்பின் ஏறத்தாழ 16.1 வரும். இஃது ஆக்சிஜனின் அணு எடையை ஒத்திருப்பினும், அவ்வெடை முன்னரே அறியப்பட்டதாதலின் தனிச் சான்றாகாது. இயற்பியலார் இதனை ஏற்றிலர். ஒளியைத் தாங்குவதாகத் தாம் கருதியிருந்த ஈதரையும் இருபதாம் நூற்றாண்டில் கைவிட்டனர்.

சித்தாந்தத்திலும் மாயை இல்பொருள் அன்று. உலகிற்கு முதற்காரணமாகிய உள்பொருளே. இத்துணையில் இரு கொள்கையும் அணுகி வருவன போலும். ஆயினும், சித்தாந்தத்தில் மாயை என்றும் சடமே. அது இறைவனின் கூறும் ஆகாது, உயிரின் கூறும் ஆகாது. பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. பிரம்மஞானத்திலோ சடமும் அறிவும் ஒருவேரின. முன்னதில் உயிரின் பெயராகிய அணு, பின்னதில் பருப்பொருளின் எல்லையாயிற்று.

எனவே, சொல் ஒன்றாதல் கொண்டு பொருளும் ஒன்றெனத் துணிதல் பொருந்தாது. சென்ற நூற்றாண்டின் சமய உரைநடையை ஆராயப் புகுவோர், 'அணு', 'மாயை' என்னும் சொற்களைக் காணுந்தோறும், எக்கொள்கையார் வாய்ச்சொல் இது என முதற்கண் வினவுதல் வேண்டும். அவ்வினா இன்றேல், ஒருவர் கொள்கையை மற்றொருவர் மேல் ஏற்றிய குற்றம் நம்மைச் சாரும்.