இறைன் நதிக்கரையிற் கொலோன்

காய்ச்சலுற்றோர் நெற்றியில் இடும் ஓடிக்கொலோன் என்னும் நறுமண நீரின் வாயிலாகவே கொலோன் நகரின் பெயரை நம்மவர் பலர் அறிவர். 1709 ஆம் ஆண்டில் அங்குத் தொழில் நிறுவிய பரீனா குடும்பத்தினரால் அந்நீர் புகழ்பெற்றது. நகரின் பெயரோ அதனினும் மிகப் பழையது. உரோமப் பேரரசன் குளோடியசு, தன் மனைவி அகிரிப்பினா பிறந்த அவ்வூருக்குக் கி. பி. 50 இற் குடியேற்ற நகருக்குரிய உரிமையை வழங்கினான். குடியேற்றத்தைக் குறிக்கும் 'கொலோனியா' என்னும் இலத்தீன் சொல்லே ஊர்ப்பெயராய் நிலைத்தது.

இறைன் நதியின் இடக்கரையில் அமைந்த இந்நகரிற் பழமையாகத் தோன்றுவன பல அண்மைக் காலத்தன. உண்மையிற் பழையனவோ பெரும்பாலும் மண்ணுள் மறைந்து கிடந்தவை. இதனை அறியாது செல்வோர்க்குக் கொலோன் பாதியே புலப்படும்.

பேராலயத்தையே நோக்குக. யேசு பாலனைக் காண வந்த ஞானியர் மூவருடையனவெனப் போற்றப்படும் எலும்புகள் 1164 இல் மிலான் நகரிலிருந்து இங்குக் கொணரப்பட்டன. அவற்றை வைத்துப் பேணுதற்கு ஏற்ற ஆலயமாக 1248 இல் இதற்கு அடிக்கல் நாட்டினர். பதினாறாம் நூற்றாண்டிற் பொருளும் ஊக்கமும் குன்றவே வேலை நின்றது. முடிவுறாத தென்கோபுரத்தின் உச்சியிற் பாரந்தூக்கும் மரப்பொறியொன்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நகரின் அடையாளமாய் நின்றது. பின்னர் 1814 இல் முகப்பின் பழைய வரைபடத்தின் ஒரு பாதி தாம்சுடாற் நகரிலும், இரு ஆண்டுகளின் பின் மறுபாதி பாரிசிலும் கிடைத்தன. அவ்வரைபடத்தைத் தழுவி 1842 இற் பணி மீண்டும் தொடங்கி 1880 இல் நிறைவெய்தியது. ஆகவே 157 மீற்றர் உயர்ந்த அக்கோபுரங்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டினவே. கூரையைத் தாங்குவதும் இரும்புச் சட்டகமே. எனினும் அவற்றைப் போலியெனல் பொருந்தாது. முன்னோன் வரைந்ததைப் பின்னோன் கட்டிமுடித்தான், அவ்வளவே.

1942 மே மாத இறுதியில் ஓரிரவிற் பிரித்தானிய விமானங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை நகரைத் தாக்கின. போர் முடியுமுன் உள்நகரின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. பல குண்டுகள் விழுந்தும் பேராலயம் சாயவில்லை. 1943 இல் வடகோபுரத்தின் கீழ்ப்பகுதி பிளந்தபோது அதனைச் செங்கல்லால் அடைத்தனர். அவ்வடைப்பைப் போரின் வடுவாக விட்டுவைக்கச் சிலர் விரும்பினும், 2005 அளவில் அது கற்போர்வையுள் மறைந்தது.

அப்போரே புதையலொன்றையும் காட்டிற்று. 1941 இற் பேராலயத்தின் அருகே குண்டுக்காப்பிடம் அகழ்ந்தோர், மதுத்தெய்வமாகிய தியோனிசசின் உருவம் பொறித்த உரோமர் காலத்து வண்ணக்கற்றளத்தைக் கண்டனர். அத்தளத்தை விட்டு அகற்றாது அதன்மேலேயே 1974 இல் உரோம-ஜேர்மானிய அருங்காட்சியகத்தை எழுப்பினர்.

நகரின் பன்னிரு உரோமானியப் பாணித் தேவாலயங்களை மீளக் கட்டுவதா, இடிபாடாகவே விடுவதா என்பது 1946 ஆம் ஆண்டளவில் அறிஞரிடையே பெருவாதமாயிற்று. மீளக் கட்டுவோர் கருத்தே வென்றது. அப்பணி 1980 களிலும் நீடித்தது. ஆயினும் பழைய புனித அல்பன் தேவாலயம் கூரையின்றியே விடப்பட்டது. அதனுள்ளே, மகனை இழந்த தாயும் தந்தையும் முழந்தாளிட்டிருக்கும் சிலைகள் உள. 1914 இற் போரில் மைந்தனைப் பறிகொடுத்த கேத்தே கொல்விற்சு என்னும் சிற்பி படைத்தவற்றின் படிகள் அவை. நகரில் ஓரிடத்தையே காண அவகாசமுடையோர் இதனைக் காண்பது நன்று.

போருக்குத் தப்பிய நகர ஆவணக் காப்பகம் அமைதிக் காலத்தில் வீழ்ந்தது. 2009 மார்ச் 3 ஆம் நாள், நிலத்தடிப் புகைவண்டிப் பாதை வேலை நடைபெற்ற இடத்தருகே அக்கட்டடம் சரிந்து இருவர் மாண்டனர். ஆயிரம் ஆண்டுகளின் ஏடுகள் சேற்றுள் அமிழ்ந்தன. அவற்றுட் பெரும்பாலானவை மீட்கப்பட்டன. 2021 இற் புதிய காப்பகமும் திறக்கப்பட்டது. கிழிந்த ஏடுகளைத் துண்டு துண்டாக ஒட்டும் வேலை பல பத்தாண்டுகளுக்கு உரியது.