கோதுமை நாட்டில் மூடப்பட்ட மருத்துவமனைகள்

நஷ்டத்தில் நடக்கும் கிளையை மூடுவதா, நடத்துவதா என்னும் கேள்வி நம் சங்கங்களின் பொதுக்குழுவில் ஆண்டுதோறும் எழுவதுண்டு. வரவையும் செலவையும் எதிரெதிரே நிறுத்தி, ஓரிரவு வாதாடி, ஒரு முடிவுக்கு வருகிறோம். மூடப்படுவது விற்பனை டிப்போவாக இராமல் மருத்துவமனையாக இருந்தால் அதே கணக்கு செல்லுமா? கானடா தேசத்தின் சஸ்காச்சுவான் மாகாணம் 1993ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடை கூற வேண்டியதாயிற்று. அம்மாகாணம் கூட்டுறவாளருக்குப் புதிதன்று. 1924இல் தொடங்கிய அதன் கோதுமைக் கூட்டுறவு உலகெங்கும் பேசப்பட்டது. அங்கே மருத்துவமனைகளும் பெரும்பாலும் கூட்டு முயற்சியாலேயே எழுந்தவை. ஆகையால் அவ்வரலாற்றைச் சற்று விரித்துரைப்பது பொருந்தும்.

சஸ்காச்சுவான் பரந்த சமவெளி. பரப்பு ஏறத்தாழ 6,51,000 சதுர கிலோமீட்டர்; அதாவது நம் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. ஜனத்தொகையோ 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி 11 லட்சத்தைச் சற்றே தாண்டியது. பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே மைல் கணக்கில் வெற்று நிலம். குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்குவது சர்வ சாதாரணம். இத்தகைய நாட்டில் எந்த மருத்துவர் சொந்தமாகத் தொழில் நடத்திப் பிழைக்க முடியும்? விளைச்சல் பொய்த்த வருஷத்தில் வைத்தியருக்குப் பணம் கொடுப்பவர் யார்?

1914இல் சார்னியா என்னும் கிராம நகராட்சியிலிருந்த மருத்துவர் ஊரை விட்டுக் கிளம்பும் நிலை ஏற்பட்டது. ஊரார் அவரை விடவில்லை. வரிப்பணத்திலிருந்து ஆண்டுக்கு 1,500 டாலர் தருவதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். இதைக் கண்ட பிற ஊர்களும் அவ்வழியே சென்றன. தனியாக மருத்துவமனை கட்ட வசதியற்ற பல நகராட்சிகள் ஒன்றுகூடிக் கட்டிக்கொள்ள 1916இல் சட்டம் இடம் தந்தது. இவற்றுக்கு ஐக்கிய மருத்துவமனைகள் என்று பெயர். சாலைகள் சேறாகிக் குதிரை வண்டியே கதியாயிருந்த காலத்தில், பத்துப் பதினைந்து படுக்கைகளுள்ள ஒரு வீடு பக்கத்து ஊரில் இருப்பது உயிரைக் காக்கும் செய்தியாகும். அக்கட்டடங்கள் அவ்வூர்ப் பெண்கள் சங்கத்தார் தைத்த விரிப்புகளாலும், விவசாயிகள் தந்த மரத்தாலும் தானியத்தாலும் உருவானவை என்றால் மிகையாகாது.

பின் வந்தவை பலரும் அறிந்தவையே. 1946இல் அரசாங்கமே விமான ஆம்புலன்ஸ் நடத்தத் தொடங்கிற்று. 1947 ஜனவரி முதல் தேதி, டி. ஸி. டக்ளஸ் முதல்வராயிருந்த அரசாங்கம் மாகாணத்து மக்கள் அனைவருக்கும் மருத்துவமனைக் காப்பீட்டை அமுலாக்கிற்று. 1962 ஜூலையில் மருத்துவக் காப்பீடும் வந்தபோது, டாக்டர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்நாட்களில் பொதுமக்களே பங்குசேர்த்துக் கூட்டுறவு மருத்துவ நிலையங்கள் அமைத்துக்கொண்டனர். சஸ்கடூன் நகரில் ஜூலை 3ஆம் தேதியே அத்தகைய நிலையம் ஒன்று திறக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவு உழைப்பில் எழுந்தவற்றையே, டக்ளஸின் கட்சி வழிவந்த ராய் ரோமனோவின் அரசாங்கம் 1993இல் குறைக்க நேர்ந்தது. மாகாணம் அப்போது கடனில் மூழ்கியிருந்தது. நல்ல சாலைகளும் மோட்டார்களும் வந்துவிட்டதனால், ஜனங்கள் சிறிய ஊரின் மருத்துவமனையைத் தாண்டிப் பெரிய ஊருக்கே போய்க்கொண்டிருந்தார்கள். சில படுக்கைகளில் மாத்திரம் நோயாளி இருக்க, இரவும் பகலும் ஊழியரை நிறுத்திச் சம்பளம் தரவேண்டியிருந்தது. முடிவாக 52 சிறு மருத்துவமனைகளில் உள்நோயாளிக்கான பணம் நிறுத்தப்பட்டது. நானூறுக்கு மேற்பட்டிருந்த ஊர்வாரிக் குழுக்கள் நீக்கப்பட்டு, ஏறத்தாழ முப்பது மாவட்டக் குழுக்கள் அமைந்தன. பெரும்பாலான கட்டடங்கள் பூட்டப்படாமல் சுகாதார நிலையங்களாக மாறின. அங்கே நர்ஸ் உண்டு, ரத்தப் பரிசோதனை உண்டு, படுக்கை கிடையாது.

ஊரார் கொதித்தெழுந்தனர். ரோமனோ 1999 தேர்தலில் கிராமத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றை இழந்து, வேறு கட்சியாருடன் கூட்டுச் சேர்ந்தே ஆட்சியைத் தொடர்ந்தார். அவ்வாண்டுகளில் ரயிலின் கிளைப்பாதைகளும் மரத்தாலான தானியக் களஞ்சியங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. 1996இல் கோதுமைக் கூட்டுறவும் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. மருத்துவமனைதான் பல ஊர்களில் மிகுந்த பேருக்குச் சம்பளம் தந்த ஸ்தாபனம். அதுவும் போனபின், நர்ஸாக இருந்த மனைவியின் ஊதியத்தை நம்பிப் பண்ணையைக் காப்பாற்றிவந்த குடும்பம் என்ன செய்யும்? மருத்துவத்தைப் பற்றிய கோபத்தில் இத்தனையும் கலந்திருந்தன.

ஆனால் 2001இல் வெளியான ஓர் ஆய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. அந்த 52 ஊர்களிலும் உடல்நலம் மோசமாகுமென்ற அச்சம் பரவியிருந்தபோதிலும், அவ்வாறு நேரவில்லை என்றும், தங்கள் உடல்நலம் கெடவில்லை என்று அங்குள்ளவர்களே கூறினர் என்றும் அது தெரிவித்தது. நல்ல தலைமையும், ஊரார் ஏற்றுக்கொண்ட மாற்று ஏற்பாடும் இருந்த ஊர்கள் நன்றாகவே சமாளித்தன, இல்லாதவை திண்டாடின.

மறுபக்கமும் பார்க்கவேண்டும். எல்லைக்கு அப்பால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2010க்குப் பின் 140க்கு மேற்பட்ட கிராம மருத்துவமனைகள் மூடப்பட்டோ, படுக்கை வசதியை நிறுத்தியோ விட்டன. கலிபோர்னியாவைப் பற்றி 2019இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, கிராமத்தில் மருத்துவமனை மூடப்பட்டபின் உள்நோயாளிகளின் மரணவிகிதம் 5.9 சதவிகிதம் உயர்ந்ததாகக் கணக்கிட்டது; நகரத்து மூடல்களில் அத்தகைய விளைவு தென்படவில்லை. நகரங்களுக்கு அருகிலில்லாத கிராம மாவட்டங்களில் பிரசவப் பிரிவு நின்றபின், மாதம் நிறையாத பிரசவங்கள் அதிகரித்தன என்று 2018இல் மற்றோர் ஆய்வு கண்டது.

இரண்டும் எப்படி மெய்யாகும்? என் கருத்தில் விடை மிகவும் எளிது. சஸ்காச்சுவானில் படுக்கை போயிற்று; காப்பீடு போகவில்லை. வெகுதூரம் போகவேண்டியவனும் அங்கே போய்ச் சேர்ந்தபின் பில்லைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலோ மருத்துவமனையே பில் வசூலை நம்பி நிற்கிறது. காப்பீடற்ற ஏழைகள் மிகுந்த ஊரில்தான் அது முதலில் விழுகிறது. பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் இடத்திலேயே கதவு சாத்தப்படுகிறது. இதைத் தடுக்க 1997இல் அந்நாட்டுச் சர்க்கார் ஒரு வழி வகுத்தது: 25 படுக்கைகளுக்கு மேற்படாமல், பொதுவாக மற்றொரு மருத்துவமனையிலிருந்து 35 மைலாவது தள்ளியிருந்தால், முதியோர் காப்பீட்டுத் திட்டம் நோயாளிக்கு இவ்வளவு என்றில்லாமல் ஆகும் செலவையே கணக்கிட்டுக் கொடுக்கும். இன்று 1,300க்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அவ்வகையில் நடக்கின்றன. தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பட்டறை வாடகை உண்டென்பதை அறிந்தவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

தணிக்கைக் கண்ணோடு பார்த்தால் ஒன்று கூறலாம். படுக்கை எத்தனை நிரம்பிற்று என்று எண்ணுவது எளிது; நிரம்பாதிருந்தும் எத்தனை பேருக்குத் தைரியம் தந்தது என்று எண்ணுவது எளிதன்று. தீயணைப்பு வண்டி வருஷமெல்லாம் நின்றுகொண்டிருந்தது என்பதற்காக அதை யாரும் விற்றுவிடச் சொல்வதில்லை. மேலும், சர்க்கார் புத்தகத்தில் மிச்சமான தொகை முழுவதும் மிச்சமன்று. பெட்ரோல், ஒருநாள் வேலை, துணைக்கு வரும் மகனின் கூலி, நகரத்தில் தங்கும் அறை வாடகை, இவையெல்லாம் வீட்டுக்காரரின் கணக்குக்குப் பற்றாகின்றன. அப்பக்கத்தை எந்தத் தணிக்கையும் பார்ப்பதில்லை. 1993இல் மூட எடுத்த முடிவு முற்றிலும் தவறென்று நான் சொல்லமாட்டேன். எண்ணிக்கை காட்டிய உண்மை உண்மையே. ஆனால் பற்று எழுதும் பக்கத்தை ஊராரிடம் முதலில் காட்டி, ஆம்புலன்ஸும் அவசர அறையும் எவ்விதம் இருக்குமென்று உறுதி கூறியபின் மூடியிருந்தால், கோபம் பாதியாவது தணிந்திருக்கும்.

சுகாதார நிலையங்களாக மாறாமல் அப்போது தப்பிய மருத்துவமனைகளிலும் சமீப ஆண்டுகளில் டாக்டரோ நர்ஸோ கிடைக்காமல் அவசரப் பிரிவுகள் சில நாட்கள் மூடிக் கிடக்கின்றன. பணம் இருந்தும் ஆள் இல்லை. கிராமத்திற்கு வரும் மருத்துவருக்கு ஐந்து ஆண்டுகளில் 2,00,000 டாலர் வரை ஊக்கத்தொகை தருவதாக மாகாண அரசாங்கம் 2022இல் அறிவித்தது. 1914இல் சார்னியா ஊரார் கொடுத்தது 1,500 டாலர்.