மருமகன் வாங்கிய கடனும் மாமன் வீட்டு வாசலும்

பொதட்டூர்ப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த நெசவாள அங்கத்தினர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் வந்து, தம் மனைவியின் தாலிக்கொடியை ஈடு வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரித்தார். வீட்டில் கலியாணமா, வைத்தியச் செலவா என்று கேட்டோம். இரண்டும் இல்லை. அவருடைய சகோதரியின் மகன், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பொருட்டுக் கடனில் ஒரு கார் வாங்கியிருந்தான். ஆலையுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் முடிந்தது, வருமானம் நின்றது, மூன்று தவணைகள் தவறின. பிள்ளையாண்டான் தொலைபேசியை அணைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். வசூல்காரர் இருவர் மாமனைத் தேடி வந்தனர். தறியண்டை நின்று, அக்கம்பக்கத்தார் கேட்கும்படி, "பணத்தை நீர் கட்டும், இல்லையேல் தறியைக் கழற்றிக்கொண்டு போவோம்" என்று சொல்லிச் சென்றனராம்.

நாம் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டோம்: "கடன் பத்திரத்தில் தாங்கள் கையொப்பம் இட்டீர்களா?"

"இல்லை ஐயா. விசாரிப்பதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்களாம். என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டான்" என்றார்.

இந்த விடையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஜாமீன் கையெழுத்து இட்டவர் வேறு. விசாரணைக்குப் பெயர் தரப்பட்டவர் வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்து இட்டவரும் தப்ப முடியாது. ஆனால், இரத்த உறவு என்பது ஒருவரையும் ஜாமீன்தாரர் ஆக்குவதில்லை. கையொப்பம் இடாத மாமனோ, சகோதரனோ, தகப்பனோ அக்கடனைத் தம் கையிலிருந்து செலுத்தும் கடமை உடையவரல்லர். கடனாளி இறந்துவிட்டாலும், வாரிசின் பொறுப்பு அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவோடு நின்றுவிடும்.

வசூல்காரர் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் வரையறை உண்டு. 2008-ஆம் ஆண்டில் ரிசர்வ் பாங்கு வெளியிட்ட விதிகளின்படி, வசூலுக்கு வருபவர் அடையாள அட்டையும், நிறுவனம் தந்த அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டு மாதச் சுற்றறிக்கை, காலை 8 மணிக்கு முன்னரும் இரவு 7 மணிக்குப் பின்னரும் கடனாளியைத் தொலைபேசியில் அழைக்கலாகாது என்றும், சொல்லாலோ செயலாலோ துன்புறுத்தலாகாது என்றும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் குடும்பத்தார், நண்பர்கள் ஆகியோரின் வாழ்வில் தலையிடுவதும் கூடாதென்றும் தெளிவாகக் கூறியது. அடியாட்களை ஏவி வாகனத்தைப் பறிக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டில் பிரகாஷ் கௌர் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது.

நம் இராஜ்யத்திலும், வலுக்கட்டாயமான கடன் வசூலைத் தடுக்க 2025-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. கடனாளியையோ அவர் குடும்பத்தாரையோ மிரட்டுவதும், விடாது பின்தொடர்வதும், அவர்தம் உடைமையில் கை வைப்பதும் அச்சட்டத்தில் வலுக்கட்டாயச் செயல்களாகக் கூறப்பட்டுள்ளன. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

"ஜெயிலுக்கு அனுப்புவோம்" என்பது வசூல்காரர் அடிக்கடி கூறும் மிரட்டல். தவணை கட்ட முடியாமற்போவது மட்டும் குற்றமாகாது. கொடுக்க வழியற்றவனை வறுமைக்காகச் சிறையிடுவது நியாயமன்று என்று 1980-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் அதற்குத் தனியே குற்ற வழக்கு உண்டு. ஆகையால், அந்த விஷயத்தில் வரும் நோட்டீசை அலட்சியம் செய்யக் கூடாது.

இவ்வளவும் கூறுவதால் கடனைக் கட்டாமல் விட்டுவிடலாம் என்று எவரும் கருத வேண்டாம். வாங்கிய கடன் வாங்கியதே. கார் அக்கடனுக்கு ஈடாக இருப்பது. ஒப்பந்தப்படி நோட்டீசு தந்து, கட்டுவதற்கு இறுதி வாய்ப்பும் அளித்த பின், நிறுவனம் அதை முறைப்படி எடுத்து ஏலம் விடலாம். ஏலத்தொகை போதாவிடில் மீதியைக் கடனாளிதான் கொடுக்க வேண்டும். மிகுந்தால் அது அவனைச் சேரும். ஒளிந்து கொள்பவன் பேசித் தீர்க்கும் வாய்ப்பை இழக்கிறான். நாள்தோறும் பாக்கியோ ஏறுகிறது.

ஆதலால் அங்கத்தினருக்கு நாம் கூறிய வழி இது. முதலாவது, மருமகனைத் தேடிப் பிடித்து அழைத்து வருதல். இரண்டாவது, அவனே நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, கணக்கு விவரம் கேட்டு, தவணைக் காலத்தை நீட்டித் தருமாறு வேண்டுதல். தாமதத்துக்காக விதிக்கப்படும் அபராதக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றலாகாது என்பது 2023-இல் ரிசர்வ் பாங்கு பிறப்பித்த உத்தரவு. கணக்கில் அதைச் சரிபார்க்க வேண்டும். மூன்றாவது, மாமன் தாம் ஜாமீன்தாரரல்லர் என்பதை அதே நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, வசூல்காரர் வந்த நாள், நேரம், பேசிய சொற்கள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல். மறுபடி மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். கடனாளியின் புகாருக்கு நிறுவனம் 30 நாட்களில் பதில் தராவிடில், அவன் ரிசர்வ் பாங்கின் ஒம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். தொலைபேசி எண் 14448. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருமான வரம்பு பாராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி செய்கிறது. அதன் எண் 15100.

இரண்டு வாரம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தனர். பிள்ளையாண்டான் தலை நிமிரவில்லை. காரை விற்றுக் கடனைத் தீர்ப்பதற்கு நிறுவனத்தின் அனுமதி கேட்டு அவனே கடிதம் எழுதியிருந்தான். முடிவு இன்னும் தெரியவில்லை. ஆனால் தாலிக்கொடி அடகுக்குப் போகவில்லை, தறியும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-ஆம் ஆண்டிலேயே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் தோன்றியது. லேவாதேவிக்காரரின் நிர்ப்பந்தத்திலிருந்து குடியானவனை மீட்பதே அவ்வியக்கத்தின் நோக்கம். அத்தகைய மண்ணில் வாழும் நாம், படித்துப் பாராமல் எந்தத் தாளிலும் கையெழுத்து இடலாகாது. இடாத கையெழுத்துக்காக அஞ்சவும் வேண்டியதில்லை. உறவினருக்கு உதவ விரும்பினால் மனமறிந்து உதவுவோம். மிரட்டலுக்குப் பணிந்து உதவ வேண்டாம். ஐயம் எழுந்தால், நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகுமுன் சங்கத்திற்கு வாருங்கள்.