நோர்வூட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மலைநாட்டைப் பார்க்கச் செல்வோர் பலர். அங்கே இறங்கி நடப்போர் சிலர். ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கி, வாடகை வாகனமொன்றில் ஏறி, நீர்வீழ்ச்சியின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டால், மலைநாட்டை அறிந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். சிவனொளிபாதமலை யாத்திரிகர்கள் நித்திரைக் கலக்கத்தில் கடந்துபோகும் ஊர் ஒன்று அவ்வழியில் உண்டு. நோர்வூட் என்பது அதன் பெயர். அதனை வெறும் சந்தி என்றே வெளியூரார் அறிவர். அவ்வூரார் அதனை எவ்விதம் காண்கின்றனரோ அவ்விதமே நாமும் கண்டு வருவோம் என்ற ஆவலுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம்.

ஹட்டனில் பஸ் ஏறினால் முதலில் டிக்கோயா வரும். அப்பால் வளைந்து செல்லும் பாதையில், 1965ஆம் ஆண்டில் உருவான காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணாடி விரித்தாற்போல் தென்படும். அதனை நோக்கி, 1878ஆம் ஆண்டில் துரைமார் எழுப்பிய வார்லி தேவாலயம் கருங்கற் சுவர்களுடன் நிற்கிறது. வண்டியின் சாளரத்தருகே இடம் கிடைப்பவர் பாக்கியசாலி. ஆயினும் உள்ளூர்ப் பிரயாணிகள் வெளியே பார்ப்பதில்லை. ஒருவருக்கொருவர் நலம் விசாரித்துக்கொண்டே வருகின்றனர். அவர்களுக்கு அந்த நீர்த்தேக்கம் காட்சிப் பொருளன்று. தினமும் கண்டு பழகிய அயல் வீடு.

நோர்வூட் என்னும் பெயரில் இலண்டன் மாநகரின் தென்பகுதியிலும் ஓரிடம் உண்டு. சுற்றிலுமுள்ள வென்சர், கிளவர்டன், நிவ்வெளி ஆகிய தோட்டங்களின் பெயர்களும் கடல் கடந்து வந்தவையே. ஆனால் கடைத் தெருவில் கேட்கும் பேச்சோ திருச்சிராப்பள்ளியையும் புதுக்கோட்டையையும் சேலத்தையும் நினைவூட்டும் தமிழ். ஆங்கிலப் பெயரும், தமிழ்ப் பேச்சும், அருகே சிங்களத்தில் ஓயா என்று வழங்கும் ஆறும் ஆக மூன்றும் இங்கே பிணக்கின்றிக் கூடியிருக்கின்றன.

அந்த ஆறு கெசல்கமு ஓயா. பொகவந்தலாவைப் பக்கமிருந்து வந்து, நோர்வூட்டைத் தொட்டு, காசல்ரீயில் விழுகிறது. பின்னர் மஸ்கெலி ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பருகே கடலை அடைகிறது. தலைநகரவாசிகள் அருந்தும் குடிநீரில் நோர்வூட்டின் மழையும் கலந்திருக்கிறது என்பதைக் கொழும்பு வாசகர்கள் சற்றே நினைவிற் கொள்வார்களாக!

ஊரின் அமைப்பு மிக எளிது. மஸ்கெலியாவுக்கு ஒரு பாதை, பொகவந்தலாவைக்கு ஒரு பாதை. அவை பிரியும் இடத்தைச் சுற்றிக் கடைகள். புடைவைக் கடை, பலசரக்குக் கடை, மரக்கறிக் கடை, நகை அடகு பிடிக்கும் கடை எனச் சிறிது தூரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. வேலை நாட்களில் காலை வேளையில் வந்தால் ஊர் சோம்பியிருப்பதாகத் தோன்றும். மக்கள் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமையன்றும், பத்தாந் தேதியை ஒட்டிய சம்பள நாட்களிலும், தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் வந்து பாருங்கள். தோள் உரசாமல் தெருவைக் கடக்க இயலாது.

பசியெடுக்கவே தேத்தண்ணிக் கடையொன்றினுள் நுழைந்தோம். இத்தகைய கடைகளில் நடந்துகொள்ளும் முறையைப் புதிதாக வருவோர் அறிந்துகொள்வது நலம். மேசைமீது ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்சும் கொண்டுவந்து வைப்பார்கள். இத்தனையையும் நாம் கேட்கவில்லையே என்று திகைக்க வேண்டாம். உண்டதற்கு மட்டுமே கணக்கு. தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிச் சுட்ட கோதுமை ரொட்டியும் கட்டைச் சம்பலும் இங்குள்ள காலையுணவு. செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்து, தேசிக்காய்ப் புளி விட்ட அந்தச் சம்பல், குளிரில் விறைத்த நாவை நொடியில் எழுப்பிவிடும். மாலையில் கொத்து ரொட்டிக் கல்லின் தாளம் தெருவெங்கும் கேட்கும்.

“என்னாங்க ஐயா, பால் டீயா, பிளேன்டீயா?” என்று வினவினார் பரிமாறும் தம்பி.

பிளேன்டீ என்றோம். இஞ்சி தட்டிப்போட்ட சாயம் ஆவி பறக்க வந்தது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, உலர்ந்த பின்னரே ஒரு கிலோ தேயிலையாகிறது. அதிலும் தரமானவை 1883ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் கொழும்பு ஏலத்துக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறிவிடுகின்றன. மலையில் பறித்தவரின் கோப்பைக்கு வருவது பெரும்பாலும் தூள் தேயிலையே. எனினும் அதன் சுவையைக் குறைகூற நமக்கு நா எழவில்லை.

கடை முதலாளி வயது முதிர்ந்தவர். அவர் அமர்ந்திருந்த மேசைமீது பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. காசு வைக்கும் டின் என்று நினைத்தோம். அப்போது இருபது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி குடையை மடக்கிக்கொண்டு வந்தாள்.

“முதலாளி, எனக்குத் தபால் ஏதும் வந்திருக்குங்களா?”

அவர் டின்னைத் திறந்தார். உள்ளே கடிதங்கள்! ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இன்னும் வரல பாப்பா. செவ்வாக்கெழம வந்து பாரு. வந்தா நானே ஆள் சொல்லி அனுப்புறேன்” என்றார். அவள் தலையசைத்து, வீட்டுக்கு நான்கு வடை கட்டித்தரச் சொல்லிப் பெற்றுக்கொண்டு போனாள்.

விசாரித்தோம். அவள் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறாள்; நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பை எதிர்பார்க்கிறாள். சென்ற முறை ஒரு வேலைக்கான அழைப்பு தோட்டத்து முகவரிக்கு வந்து, அவள் கையில் சேர்ந்தபோது குறித்த தேதி கடந்துவிட்டிருந்ததாம். இம்முறை கடை முகவரியைக் கொடுத்திருக்கிறாள். இப்படிப் பலர் கொடுத்திருப்பதாக முதலாளி கூறினார். “கடைக்கு நம்பர் இருக்குது, தெருவுக்குப் பேர் இருக்குது. லயத்துக் காம்பராவுக்கு என்னா இருக்குது, சொல்லுங்க?” என்று அவர் கேட்டபோது நம்மிடம் பதிலில்லை.

அதன் பின்னரே கடைத் தெரு நமக்கு வேறுவிதமாகத் தோன்றலாயிற்று. தோட்டத்தில் ஒருவர் இன்ன தோட்டத்து, இன்ன லயத்து ஆள். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிகளின் கீழ் அவருக்கு ஓரிடம் குறிக்கப்பட்டிருந்தது. பாலத்தைக் கடந்து கடைக்கு வந்ததும், காசு கொடுத்து வாங்கும் கனவானாக, வாங்கில் அமர்ந்து அரசியல் பேசும் பிரசையாக அவர் மாறினார். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய காலத்திலும், தேத்தண்ணிக் கடையின் வாங்கு எவரிடமும் பத்திரம் கேட்கவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். பிரிந்து சென்றோரை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றழைத்தனர். அவர்களிற் பலர் நீலகிரியில் மீண்டும் கொழுந்தெடுத்தனர். எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே பெரும்பாலும் முடிவு கண்டது. உரிமை வந்தது, முகவரி மட்டும் இன்னும் பலருக்கு வந்தபாடில்லை.

மாலை வேளையில் மைதானத்தை நாடிச் சென்றோம். சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயர் தாங்கிய அவ்விளையாட்டரங்கு, ஊரின் முற்றம் எனலாம். 2017 மே 12ஆம் தேதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இங்கே பெருங்கூட்டத்தில் உரையாற்றி, மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2020 மே 31ஆம் தேதி ஆறுமுகன் தொண்டமானின் சிதைக்குத் தீ மூட்டப்பட்டதும் இங்கேதான். தலைவர்கள் வந்து போன இடம் என்று மைதானம் தனித்துக் கர்வம் கொள்வதில்லை. நாம் கண்டபோது சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர் சிலர் விடுமுறைக்கு வந்து, ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அங்கே சம்பளம் அதிகமா தம்பி?” என்று கேட்டோம்.

“அதிகந்தான் ஐயா. ஆனா அங்க யாரும் பேர் சொல்லிக் கூப்புடுறதில்ல” என்றார் ஒருவர்.

நோர்வூட் செல்ல விரும்பும் நேயர்களுக்குச் சில சொற்கள்: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கடுமை காட்டும். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசி விசாகம் வரை சிவனொளிபாதமலைக் காலம். அப்போது கடைகள் இரவிலும் விழித்திருக்கும். குடையை மறவாதீர்கள். புல்லில் நடந்தால் அட்டை கடிக்கும், அஞ்ச வேண்டாம். லயங்களைப் படமெடுக்குமுன் அங்குள்ளோரிடம் கேளுங்கள். அவை காட்சிச்சாலையல்ல, குடும்பங்கள் வாழும் வீடுகள். அவசரமின்றி ஒரு கடையில் அமருங்கள். ஊர் தானாகவே உங்களிடம் வந்து பேசும்.

2018ஆம் ஆண்டு முதல் நோர்வூட்டுக்குத் தனிப் பிரதேச சபை உண்டு. மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நாடே நினைவுகூர்ந்தது. இரண்டு நூற்றாண்டுகள் மலையைப் பசுமையாக்கிய மக்களின் வாசற்படியில் ஓர் இலக்கத்தைப் பொறிப்பது அரசாங்கத்துக்கு இயலாத காரியமா? அது நிறைவேறும் நாளில் அந்தப் பிஸ்கட் டின்னில் பிஸ்கட் மட்டுமே இருக்கும்.

பஸ் புறப்பட்டபோது நாமும் செவ்வாய்க்கிழமையை எண்ணிக்கொண்டோம். அந்தப் பெண்ணின் கடிதம் உரிய காலத்தில் வந்து சேர்வதாக!